முழங்கால் தடம்

ஏழாம் எண் பேருந்து திரும்பும் இடத்தில்
எனக்கு ஒன்பது நிமிடம்.
சிகரெட்டை விட்டபின் அந்த ஒன்பதும்
வேலையற்றுக் கிடந்தன.

ஏப்ரல். வார்க்கவுஸில் இதை வசந்தம் என்று சொல்லக்
கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.
ஏரிமேல் பனிக்கட்டி சாம்பலாய்ப் படுத்திருக்கிறது;
நடக்கவும் முடியாது, படகு விடவும் முடியாது.
குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டிய சரளைப் பொடி,
ஒற்றைக் கையுறை,
நவம்பரில் யாரோ தொலைத்த பயண அட்டை,
நாய்கள் விட்டுப்போன சங்கதிகள்
எல்லாம் உருகலில் ஒவ்வொன்றாய் வெளியே வருகின்றன.

அவற்றோடுதான் அதுவும் வந்தது.
காகித ஆலை வேலிக்குக் கீழே, வாய்க்கால் சரிவில்,
செதில் செதிலாய் ஒரு தண்டு,
உச்சியில் சட்டைப் பொத்தானளவு மஞ்சள்.
இலை இல்லை.
பூ போய்ச் சேர்ந்தபின்தான் இலை எழும்.
அதனால் எங்கள் மொழியில் இதற்கு
விதவையின் இலை என்று பெயர்.
இன்னும் வராத ஒன்றின் பெயரைச் சுமந்துகொண்டு
தனியாக வந்து நிற்கிறது பூ.

அலைபேசியை எடுத்தேன்.
நின்றபடி எடுத்ததில் குப்பைதான் தெரிந்தது.
குனிந்து எடுத்ததில் என் நிழல்.
கடைசியில் சீருடையை மறந்து
மண்டியிட்டேன்.
சரளை மலைத்தொடரானது.
ஆலையின் புகைபோக்கி பூவுக்குப் பின்னால்
மங்கலாய் ஒரு கோடு.
சிறு ஈ ஒன்று வந்து உட்கார்ந்து
முகமெல்லாம் மகரந்தம் அப்பச் சாப்பிட்டது,
ஐந்து மாதப் பசி.

இரண்டு நிமிடம் தாமதமாய்க் கிளம்பினேன்.
ஹில்க்கா கடிகாரத்தைப் பார்த்தாள்,
பிறகு என் முழங்காலை.
ஒன்றும் கேட்கவில்லை.

இரவு, அடுப்பில் பட்டாணி சூப்,
படத்தை விரலால் விரித்துப் பார்த்தேன்.
பூவுக்கு அந்தப் பக்கம், ஈர மணலில்,
இரண்டு வட்டக் குழிகள்.
என்னுடையவை அல்ல.
குழிக்குள் உருகாத ஒரு சில்லுப் பனி;
ஆக, நேற்றே.
யாரோ எனக்கு முன்னால் கண்டு,
மண்டியிட்டு,
யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறார்கள்.

பொறாமை வந்தது. மறைப்பானேன்?
உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்பவென்று
‘இந்த ஆண்டின் முதல் பூ’ என
தலைப்புக்கூட யோசித்தாயிற்று.

அதன்பின் ஏறுகிறவர்களின்
முகத்தைப் பார்ப்பதை விட்டேன்.
முதியோர் இல்லத்தில் இரவுப்பணி முடித்து வரும்
ஹோதானின் நீள அங்கி: விளிம்பில் உப்புக்கறை மட்டும்.
தபால்காரர் ரெய்யோ: சுத்தம்,
சந்தேகப்படும் அளவுக்குச் சுத்தம்.
பள்ளிப் பிள்ளைகள்:
எல்லா முழங்காலும் குற்றவாளி.

வியாழன் காலை ஆறு நாற்பது.
அந்நேரத்தில் பூ விழித்திருக்காது,
இதழ்களை இறுக்கிக் குன்னிப்போயிருக்கும்.
வெல்டிங் படிக்கும் பெர்த்து ஏறினான்,
காதில் ஹெட்போன்,
இரண்டு வருடமாய் ஒரு வணக்கம் சொல்லாதவன்,
காற்சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள்.

அட்டையை வைத்தான். பீப்.
நான் அவன் முழங்காலைப் பார்த்தேன்.
அவன் என் முழங்காலைப் பார்த்தான்;
துவைத்தும் போகாத பழுப்பு.
எங்கள் ஊரில் இதற்குமேல் பேசினால்
அதிகப்பிரசங்கம்.

பத்திரிகைக்கு அனுப்பவில்லை.
மறுநாள் மாலை அவனை இறக்கிவிடும்போது
நிறுத்தக் கம்பத்துக்குப் பதினொரு மீட்டர் முன்னாலேயே
பிரேக்கை அழுத்தினேன்.
கதவு திறந்தது,
நேரே வாய்க்கால் சரிவில்.
எண்ணினேன், பதினேழு மஞ்சள்.
“இங்கேயா நிறுத்தம்?” என்றாள் ஹில்க்கா.
“இந்த வாரம் இங்கேதான்.”

ஜூனில் இலை வரும்,
உள்ளங்கை அகலம், அடியில் வெள்ளை ரோமம்.
அதை யாரும் படமெடுப்பதில்லை.
நானும் எடுத்ததில்லை.
பார்க்கலாம்.